குளிர்ந்த நீரில் முதல் ஸ்கூபா சான்றிதழ்: மலையூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் படிப்புக்காகவும் வேலைக்காகவும் இங்கிலாந்து, கனடா, நியூசிலாந்து என்று போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் சிலருக்கு அங்கே போனதும், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு நீருக்கடியில் மூழ்கும் ஸ்கூபா ஆசை வருகிறது. நான் கோத்தகிரிக்காரன். இங்கிலாந்தில் வேலையில் இருந்தபோது, தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரி ஒன்றில்தான் முதல் சான்றிதழ் வாங்கினேன். அதனால் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால், டைவ் முடித்துவிட்டு மலையேறுவது பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஊட்டிக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். குளிர்ந்த நீர் எங்களுக்குப் பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். காற்றுக் குளிரும் தண்ணீர்க் குளிரும் ஒன்றல்ல. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். 10 டிகிரி காலையில் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மார்க்கெட் போய்வருகிறோம். அதே 10 டிகிரித் தண்ணீரில் வெறும் கையை விட்டால், சில நிமிடங்களில் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது.

இன்னொன்று, உடம்பு சட்டென்று குளிர்ந்த நீரில் படும்போது வரும் அதிர்ச்சி. மூச்சு தானாகவே உள்ளே இழுக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும். முதல் ஒன்றிலிருந்து மூன்று நிமிடங்கள் இப்படி இருக்கும், அப்புறம் தணியும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் குளிர்ந்த ஓடையில் குதித்த உடனே திணறுவது இதனால்தான். அந்த நேரத்தில் நீச்சல் திறமை உதவாது, மூச்சை அடக்கி ஆளத் தெரிவதுதான் உதவும். ஆகவே ஸ்கூபாவில் குதிக்காமல் மெதுவாக இறங்கி, முகத்தில் தண்ணீரை வாரி அடித்து, மூச்சை நீளமாக வெளியே விட்டுப் பழகிய பிறகே தலையை உள்ளே விடுகிறோம்.

மலையில் வளர்ந்ததால் ஒரு நன்மை உண்டு. அடுக்கடுக்காக உடுத்துவதும், நனைந்த துணியை உடனே மாற்றுவதும் நமக்குச் சின்ன வயதுப் பழக்கம். அது அங்கே நிறையவே கைகொடுக்கும்.

ஊட்டி ஏரி, கொடைக்கானல் ஏரி, எமரால்டு அணை எல்லாம் குளிர்ந்த நீர்தானே? இங்கேயே கற்றுக்கொள்ள முடியாதா?

முடியாது, முயலவும் வேண்டாம். இரண்டு ஏரிகளும் படகு சவாரிக்கு உரியவை. எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி எல்லாம் மின்சாரத்துக்கான அணைகள். சுற்றிலும் காடு, கட்டுப்பாடு அதிகம். ஊட்டி ஏரி 1824-இல் ஜான் சல்லிவன் தொடங்கியது, கொடைக்கானல் ஏரி 1863-இல் வெரே லெவிஞ்ச் அமைத்தது. இத்தனை காலச் சேறும் களையும் அடியில் கிடக்கின்றன. கீழே கலங்கினால் சொந்தக் கையே தெரியாது.

அனுமதியே கிடைத்தாலும் உயரம் ஒரு தனிச் சிக்கல். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் உள்ள எந்த நீர்நிலையும் 'உயர்மட்ட டைவ்' கணக்கில் வரும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதனால் ஊட்டியில் 18 மீட்டர் இறங்குவது, உடம்பில் கரையும் நைட்ரஜன் கணக்குப்படி கடலில் 23 மீட்டர் இறங்குவதற்குச் சமம். இதற்கென்று தனி அட்டவணையும் தனிப் பயிற்சியும் உண்டு. முதல் சான்றிதழ் வாங்க வருகிறவருக்கு உரிய இடம் இதுவல்ல.

எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும்? என்னென்ன செய்யச் சொல்வார்கள்?

பொதுவாக 'ஓப்பன் வாட்டர்' என்று சொல்லும் படி. பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) என்று பல அமைப்புகள் தருகின்றன. எதுவாக இருந்தாலும் ஐஎஸ்ஓ 24801-2 என்ற சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டதா என்று மட்டும் பாருங்கள், உலகம் முழுக்கச் செல்லும். பிரிட்டனில் 1953-இல் தொடங்கிய பிஎஸ்ஏசி என்ற சங்கத்தின் கிளப்புகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர்களுடைய முதல் படிக்கு 'ஓஷன் டைவர்' என்று பெயர், ஆழ வரம்பு 20 மீட்டர். கிளப்பில் சேர்ந்தால் படிப்பு மெதுவாக நகரும். ஆனால் புது ஊரில் நான்கு நல்ல மனிதர்கள் பழக்கமாவார்கள், அதுவும் பெரிய விஷயம்.

பாடியின் ஓப்பன் வாட்டரில் பாடம், நீச்சல் குளப் பயிற்சி, திறந்த நீரில் நான்கு டைவ் என்று மூன்று பகுதிகள். 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், வேகம் பார்க்க மாட்டார்கள். 10 நிமிடம் மிதக்க வேண்டும். தேறினால் 18 மீட்டர் வரை, இன்னொரு டைவருடன் சேர்ந்து இறங்கலாம். சுற்றுலாப் போன இடத்தில் பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை இறங்கிப் பார்ப்பது வெறும் அறிமுகம். அதைச் சான்றிதழாக யாரும் ஏற்க மாட்டார்கள்.

இங்கே சூடான கடலில் முடித்துவிட்டுப் போவதா, அங்கே போய்க் குளிரில் தொடங்குவதா?

சில வருடம் அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் அங்கேயே தொடங்குங்கள் என்பேன். புதுச்சேரியிலோ அந்தமானிலோ மெல்லிய உடையில், தெளிந்த வெதுவெதுப்பான நீரில் கற்றவர், கல்குவாரியில் இறங்கும்போது பாதியைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். கனமான உடை, கையுறை, மிதக்காமல் மூழ்குவதற்காகக் கட்டும் கூடுதல் ஈயம், மங்கலான வெளிச்சம் எல்லாம் ஒரே நாளில் மேலே விழும். குளிரில் கற்றவருக்கோ சூடான கடல் ஓய்வு மாதிரி இருக்கும்.

தண்ணீர் என்றாலே பயம் உள்ளவர்களுக்கு நான் வேறு வழி சொல்வேன். பாடத்தையும் நீச்சல் குளப் பயிற்சியையும் ஒரு இடத்தில் முடித்துவிட்டு, திறந்த நீர் டைவ்களை இன்னொரு இடத்தில் செய்யலாம். அதற்குப் பரிந்துரைப் படிவம் தருவார்கள். பாடியில் அது ஒரு வருடம் செல்லும். குளத்தில் நிதானமாகப் பழகிக்கொண்டு போனால், குளிர் ஒன்றை மட்டும் சமாளித்தால் போதும்.

வெட்சூட் போதுமா, டிரைசூட் வேண்டுமா?

வெட்சூட் என்பது நியோப்ரீன் ரப்பர். அதற்குள் இருக்கும் நுண்ணிய காற்றுக் குமிழிகள்தான் சூட்டைத் தடுக்கின்றன. உடைக்குள் கொஞ்சம் தண்ணீர் புகும், அதை உங்கள் உடம்புதான் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஆழம் போகப் போக அந்தக் குமிழிகள் நசுங்கும். உடை மெலிந்து, மிதக்கும் தன்மையும் குறைந்து, குளிரும் ஏறும். கோடைகாலத்தில் 7 மில்லிமீட்டர் வெட்சூட், தலையுறை, கையுறை, காலுறையோடு பலர் சமாளிக்கிறார்கள். தண்ணீர் 10 டிகிரிப் பக்கம் இருந்தால் நான் டிரைசூட்டைத்தான் சொல்வேன். நடுங்கிக்கொண்டு இருப்பவர் பயிற்சியாளர் காட்டுவதைப் பார்க்க மாட்டார், வெளியேறும் நேரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்.

டிரைசூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான சீல் இருக்கும், தண்ணீர் உள்ளே வராது. ஆனால் உடைக்குள் காற்று இருக்கிறது என்பதை மறக்கவே கூடாது. இறங்கும்போது அந்தக் காற்று சுருங்கி, உடை உடம்பைக் கிள்ளிப் பிடிக்கும். நெஞ்சில் இருக்கும் வால்வை அழுத்திக் கொஞ்சம் காற்று சேர்க்க வேண்டும். ஏறும்போது அதே காற்று விரியும். தோளில் இருக்கும் வால்வு வழியாக விட்டுக்கொண்டே வர வேண்டும். காற்று முழுவதும் கால் பக்கம் போய்விட்டால் தலைகீழாக மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படி ஆனால் முழங்காலை மடக்கி உருண்டு நிமிர்வதைக் குளத்திலேயே திரும்பத் திரும்பப் பழகுங்கள். டிரைசூட்டில் படிக்கப் போகிறீர்கள் என்றால், குளத்தில் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா, உடை வாடகை கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

உள்ளே என்ன போட்டுக்கொள்வது? வளையல், தாலிச்சங்கிலி, தலைக்கு எண்ணெய்?

பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும், குளிரை இழுத்துவரும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். டிரைசூட்டுக்கு என்றே உள்ளுடை கிடைக்கிறது, அதற்கு அடியில் மெல்லிய கம்பளியோ செயற்கை இழைத் துணியோ போதும்.

வளையல், மோதிரம், கைக்கடிகாரம் மூன்றும் கழற்ற வேண்டும். மணிக்கட்டுச் சீல் காகிதம் மாதிரிக் கிழிந்துவிடும். கழுத்துச் சங்கிலி சீலுக்கு அடியில் மாட்டினால் அந்த இடைவெளியில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் சங்கிலியை முழுவதும் சீலுக்குக் கீழே, உள்ளுடைக்குள் இறக்கிவிடலாம். நீளமான கூந்தல் என்றால் உயரத் தூக்கிக் கட்டி, ஒரு முடிகூடச் சீலுக்கு அடியில் போகாமல் பார்க்க வேண்டும். அன்றைக்குத் தேங்காயெண்ணெயும் வேண்டாம். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ரப்பர் கெட்டுவிடும். வாடகை உடை என்றால் அடுத்து வருகிறவர் நனைவார்.

குளிரில் ரெகுலேட்டர் உறைந்து மூச்சு நின்றுவிடும் என்கிறார்களே?

ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, மூச்சுவிட ஏற்றபடி வாய்க்குத் தரும் கருவி. மூச்சு நிற்காது. நடப்பது அதற்கு நேர்மாறு. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்ட காற்று சட்டென்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. தண்ணீர் ஏற்கெனவே குளிர்ந்திருந்தால் ரெகுலேட்டரில் பனிக்கட்டி பிடித்து, வால்வு திறந்தபடியே நின்றுவிடும். காற்று நிற்காமல் கொட்டும், சிலிண்டர் வேகமாகக் காலியாகும்.

இதற்குத்தான் குளிர்நீர் ரெகுலேட்டர். ஐரோப்பியத் தரமான இஎன் 250-இன்படி, 10 டிகிரிக்கு மேல் உள்ள நீருக்கு மட்டும் உரியது என்றால் ரெகுலேட்டரிலேயே குறித்திருப்பார்கள். கடன் வாங்கும்போது அதைப் பாருங்கள். தண்ணீருக்கு வெளியே, உறையும் காற்றில் ரெகுலேட்டர் வழியாகச் சும்மா மூச்சுவிட்டுப் பார்க்காதீர்கள். மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்று ஜாக்கெட்டில் காற்று சேர்க்கும்போது நீளமாக அழுத்தாமல் விட்டுவிட்டு அழுத்துங்கள். மீறிக் கொட்டினால் வாயிலிருந்து பிடுங்கக் கூடாது. உதட்டோரம் வழியாக மீதிக் காற்றை வழியவிட்டு, வேண்டியதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, கூட இருப்பவருக்குச் சைகை காட்டி மேலே வர வேண்டும். இப்படிக் குறைந்தது 30 விநாடி மூச்சுவிடுவது ஓப்பன் வாட்டர் குளப் பயிற்சியிலேயே இருக்கிறது. குளிர்நாட்டில் படிப்பவர் அதை ஒப்புக்குச் செய்யாமல், மனசுக்குள் பயம் போகும்வரை செய்ய வேண்டும்.

காது வலிக்குமா?

மலைப்பாதையில் பேருந்தில் இறங்கும்போது காது அடைப்பது நமக்குப் புதிதல்ல. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரும்வரை காதில் ஏறும் அழுத்தம் முழுவதும், தண்ணீருக்குள் வெறும் இரண்டு மீட்டர் இறங்கினாலே வந்துவிடும். அங்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது இங்கே சில விநாடிகளில். ஆகவே வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமன் செய்துகொண்டே போங்கள். அடைத்தால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயலுங்கள், பலமாக ஊதாதீர்கள். குளிர்நீரில் தலையுறை காதை மூடியிருக்கும். அதற்குள் கொஞ்சம் தண்ணீர் புகவிட்டால்தான் காதுக்கு வெளியே காற்று அடைபட்டு நிற்காது.

லேசாகச் சளி. தைலம் தேய்த்துக்கொண்டு இறங்கலாமா?

வேண்டாம். நீலகிரித் தைலம் மூக்கு திறந்தது போன்ற உணர்வைத் தரும், காதுக்குப் போகும் குழாயின் வீக்கம் அப்படியேதான் இருக்கும். மாத்திரை போட்டு இறங்கினால், மருந்தின் வேகம் நடுவில் தீர்ந்து, ஏறும்போது காற்று அடைபட்டு வலிக்கும். நாளைத் தள்ளிப் போடுங்கள்.

முதல் தடவை இறங்கும்போது எப்படி இருக்கும்?

நான் இறங்கியது வசந்தகாலத் தொடக்கத்தில், தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே. உடம்பு டிரைசூட்டுக்குள் சூடாகவே இருந்தது. தலையுறைக்கும் மாஸ்க்குக்கும் நடுவே நெற்றியில் ஒரு விரல் அகலம் தோல் வெளியே தெரியும், அங்கேதான் முதலில் ஊசி குத்தியது. அடுத்து உதடு. ஓரிரு நிமிடத்தில் இரண்டும் மரத்துவிட்டன. பாசிப்பச்சை வெளிச்சத்தில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காதைச் சமன் செய்தபடி இறங்கினோம். ஆறு மீட்டரில் ஓர் இரும்பு மேடை. அதன்மேல் படிந்திருந்த மெல்லிய சேறு, முழங்கால் பட்டதும் புகை மாதிரிக் கிளம்பியது.

அங்கே மாஸ்க்கில் தண்ணீர் நிரப்பி வெளியேற்றச் சொன்னார்கள். குளிர்நீர்ப் பயிற்சியில் மனசு தடுமாறும் இடம் இதுதான். மூக்கில் குளிர் பட்டதும் உடம்பு மூச்சை உள்ளே இழுக்கப் பார்க்கும். முதலில் வாயால் ஒரு முழு மூச்சு எடுத்து, மூக்கால் மெல்ல விட ஆரம்பித்த பிறகு மாஸ்க்கைத் திறந்தால் தண்ணீர் உள்ளே ஏறாது. வீட்டில் வாளியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து, முகத்தை அமிழ்த்தி, வாயில் ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழலோடு மூச்சுவிட்டுப் பழகுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். ஊட்டிக் குழாய்த் தண்ணீர் டிசம்பர் காலையில் இதற்குப் போதுமான குளிர்தான்.

கையுறையும் பழக வேண்டும். தடித்த விரலில் பட்டன் எது, கொக்கி எது என்று தெரியாது. காற்று சேர்க்கும் பட்டன், விடும் பட்டன், ஈயத்தைக் கழற்றும் கொக்கி மூன்றையும் கரையிலேயே கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தொட்டுப் பழகிவிட்டால் கீழே பதற்றம் இருக்காது.

நடுக்கம் தொடங்கினாலோ, விரலால் சைகை சரியாகக் காட்ட வராவிட்டாலோ அன்றைய டைவ் முடிந்தது. கட்டைவிரலை மேலே காட்டுங்கள், அதற்கு 'மேலே போவோம்' என்று பொருள். காரணம் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

குளிர்ந்த நீரில் அடிக்கடி சிறுநீர் வருமாமே?

வரும். தண்ணீரின் அழுத்தமும் குளிரும் சேர்ந்து கை கால் இரத்தத்தை நடு உடம்புக்குத் தள்ளும், சிறுநீரகம் அதிகம் வேலை செய்யும். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் போவது தவறு. நன்றாகக் குடித்து, உடை மாட்டுவதற்கு முன் போய்விட்டு வாருங்கள். டிரைசூட்டுக்குள் பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொள்பவர்கள் நிறைய உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

டைவ் முடித்துவிட்டு எப்போது மலையேறலாம்?

மலையில் வீடு இருப்பவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சமவெளிக்காரர்களுக்கு எழுதிய பாடத்தில் விமானத்தைப் பற்றித்தான் அழுத்திச் சொல்வார்கள், மலைப்பாதை பற்றி ஒரு வரி வந்தால் அதிகம்.

தண்ணீருக்குள் அழுத்தத்தில் மூச்சுவிடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது பல மணி நேரம் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், சோடாப் புட்டியைத் திறந்த மாதிரி உள்ளேயே குமிழி கட்டும். விமானத்துக்குள் அழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைத்திருப்பார்கள். ஊட்டி 2,240, கொடைக்கானல் 2,100-க்கு மேல், குன்னூர் 1,850. தொட்டபெட்டா 2,637, அது விமானத்தையே மிஞ்சுகிறது. ஆக நமக்கு வீட்டுக்குப் போவதும் விமானம் ஏறுவதும் ஒன்றுதான்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பு விமானப் பயணத்துக்குச் சொல்லும் அளவு இது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது பல நாள் தொடர் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். பயிற்சியில் பல டைவ்கள் இருக்கும் என்பதால் நமக்கு 18-தான். நான் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்வேன். அந்த ஆறு மணி நேரத்தை மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

கணக்கைப் பாருங்கள். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் புதுச்சேரியில் கடைசி டைவ் முடிகிறது. இரவுப் பேருந்து பிடித்தால் விடிகாலை ஐந்து மணிக்கு மேட்டுப்பாளையம், ஏழு மணிக்கு ஊட்டி. அது 16 மணி நேரம், 18-கூட ஆகவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போகும் அவசரத்தில் நம்மூர்ப் பிள்ளைகள் செய்யக்கூடியது இதுதான். கடைசி டைவைச் சனிக்கிழமையோடு முடித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ உறவினர் வீட்டில் பிற்பகல் வரை தங்குங்கள். ராமேசுவரம் பக்கமிருந்து வரும் கொடைக்கானல்காரர்கள் மதுரையிலோ வத்தலக்குண்டிலோ தங்கலாம். மலை ரயிலில் போனாலும் கணக்கு இதேதான், உயரம்தான் பிரச்சினை, வண்டி அல்ல.

மலையிலிருந்து இறங்கிப் போய் டைவ் செய்வதில் இந்தச் சிக்கல் இல்லை. திரும்பி ஏறுவதில்தான் இருக்கிறது.

மலையேறிய பிறகு உடம்பு ஏதாவது செய்தால்?

மூட்டு வலி, தோலில் தடிப்பு அல்லது அரிப்பு, கை கால் மரத்துப்போதல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும். 'பஸ் அலுப்பு' என்று படுத்துவிடாதீர்கள். 108-ஐ அழைத்து, எத்தனை மணிக்கு எவ்வளவு ஆழத்தில் டைவ் செய்தீர்கள் என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். ஆக்சிஜன் கேளுங்கள். மேல்சிகிச்சைக்குக் கீழே இறங்கும்போதும் ஆக்சிஜன் தொடரட்டும். பயிற்சி நிலையத்தின் அவசர எண்ணை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைப்பது நல்லது.

ஆஸ்துமா, இரத்த அழுத்தம் இருப்பவர்கள்?

சேரும்போது மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். ஒரு கேள்விக்கு 'ஆம்' வந்தாலும் பெரும்பாலும் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள். மறைக்காதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் குளிர்நீரில் நுரையீரலில் நீர் கோக்கும் அபாயம் கூடுதல். மருத்துவரிடம் 'ஸ்கூபா' என்று மட்டும் சொல்லாமல் 'குளிர்ந்த நீரில்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நல்ல பயிற்சியாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருவருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். பாடியின் திறந்த நீர் வரம்பு எட்டு. மங்கலான குளிர்நீரில் எட்டுப் பேர் என்றால் நான் சேர மாட்டேன், நான்கு பேருக்குள் இருந்தால் நிம்மதி. கரையில் ஆக்சிஜன் இருக்கிறதா, உடை மாற்ற மூடிய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காத்திருக்கும் நேரத்தில்தான் உடம்பு அதிகம் குளிர்ந்துபோகிறது. ஃபிளாஸ்க்கில் சூடாகத் தேநீர் எடுத்துப் போங்கள். வெளியே வந்ததும் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை மட்டும் கொஞ்ச நேரம் தள்ளிவையுங்கள்.

பிள்ளைகள் எந்த வயதில் சேரலாம்?

பாடியில் 10 வயதிலிருந்து ஜூனியர் சான்றிதழ் உண்டு. 10, 11 வயதில் ஆழ வரம்பு 12 மீட்டர், கூடவே பெரியவர் இறங்க வேண்டும். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால், பிள்ளைகளுக்குச் சூடான கடலே போதும் என்பது என் எண்ணம்.

கார்டு வாங்கி ஊருக்கு வந்து வருடக்கணக்காக இறங்கவில்லை. மறுபடி படிக்க வேண்டுமா?

சான்றிதழ் காலாவதி ஆகாது. ஆனால் கை மறந்திருக்கும். ஒரு பயிற்சியாளரோடு குளத்தில் மாஸ்க், ரெகுலேட்டர், மிதப்புப் பயிற்சிகளை ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டு இறங்குங்கள். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவு மாதிரி, தண்ணீர் வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரியில் இருக்கும் இடங்களில், கார்டோடு டிரைசூட் அனுபவத்துக்கும் சான்று கேட்பார்கள். அதனால் நீங்கள் இறங்கிய ஒவ்வொரு டைவையும், தண்ணீரின் வெப்பநிலை, உடுத்திய உடை, எடுத்துப்போன ஈயத்தின் எடை உட்பட, பதிவேட்டில் எழுதிப் பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்கிவையுங்கள்.